போகிமான் பேட்டில் அகாடமி: சேர்த்து வைத்த கார்டுகளை ஆட வைக்கும் பெட்டி

போகிமான் கார்டு சேர்ப்பவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். எந்தக் கார்டு எந்தத் தொகுப்பில் வந்தது, எது கிடைப்பது அரிது என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். சரி, அதை வைத்து எப்படி ஆடுவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். கார்டின் வலது மேல் மூலையில் இருக்கும் எண் எதற்கு, கீழே சின்னதாக ஒரு குறிக்குப் பக்கத்தில் ×2 என்று ஏன் போட்டிருக்கிறது என்று பார்க்காமலே ஆல்பத்தில் செருகி வைத்திருப்பார்கள். எனக்கு அது உண்மையிலேயே மனக்குறை. ஒவ்வொரு கார்டிலும் இருக்கிற ஒவ்வொரு வரியும் ஆட்டத்துக்காக யோசித்து எழுதியது. படம் அழகுதான், ஆனால் படத்தோடு நின்றுவிட்டால் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம்.

அப்படிப்பட்ட ஒருவரை மேசைக்குக் கூட்டிவர என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது பேட்டில் அகாடமி என்ற, புதிதாக ஆட வருபவர்களுக்கான பெட்டி. 2020இல் முதலில் வந்தது, 2022இல் மாற்றி வந்தது, நான் இங்கே எழுதுவது 2024இல் வந்ததைப் பற்றி. ஒவ்வொரு முறையும் டெக்குகள், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டுகள், மாறின, அடிப்படை அமைப்பு மாறவில்லை. பள்ளியில் படிக்கும்போதே இந்த ஆட்டத்தைப் பழகியவள் நான். அக்கா மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பெட்டியைத் திறந்தேன், என் பழைய கார்டுகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

உள்ளே மூன்று டெக்குகள், ஒவ்வொன்றிலும் 60 கார்டுகள். ஒன்றுக்குப் பிக்காச்சு இஎக்ஸ் தலைமை, இன்னொன்றுக்கு ஆர்மரூஜ் இஎக்ஸ், மூன்றாவதற்கு டார்க்ராய் இஎக்ஸ். இஎக்ஸ் என்பது சாதாரணத்தைவிடப் பலமான போகிமான் கார்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆட ஒரு பலகை, அடிபட்டதைக் குறிக்கும் வில்லைகள், சுண்டுவதற்கு ஒரு நாணயம், வழிகாட்டி ஏடுகள், விதிப் புத்தகம். வேறு எதுவும் வாங்காமல் அப்போதே ஆட உட்காரலாம். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் கார்டு ஆட்டங்களில் இது அரிது. உள்ளே எது இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பூஸ்டர் பாக்கெட்டில் பத்துச் சொச்சம் கார்டு கிடைக்கும், அதில் எது எதோடு சேரும் என்று புதியவருக்குத் தெரியாது. வெறும் பூஸ்டரை வைத்து ஆட்டம் தொடங்கவே முடியாது.

பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது வழிகாட்டி ஆட்டம். டெக்கைக் கலைக்கக் கூடாது. அடுக்கி வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும். யாருக்கு எந்தக் கார்டு எப்போது வரும் என்று ஏட்டை எழுதியவருக்குத் தெரியும், அதனால் ஒவ்வொரு விதியும் அது தேவைப்படும் நேரத்தில் வந்து நிற்கிறது. தாக்குவதற்கு வேண்டிய எனர்ஜி கார்டைப் போகிமான் மேல் எப்படி வைப்பது என்று முதல் முறையில் தெரிந்துகொள்கிறோம். பின்வாங்குவது (எனர்ஜியைக் கழித்துவிட்டு முன்னால் நிற்பதைப் பின்னால் இருப்பதோடு மாற்றுவது), பரிணாமம் (ஒரு போகிமான் மேல் அதன் வளர்ந்த வடிவத்தை வைப்பது) எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு வா என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது ஓடிவிடும். இங்கே படிக்கிற வேலையும் ஆடுகிற வேலையும் ஒன்றாகப் போகின்றன.

ஆனால் அந்த வழிகாட்டி ஆட்டத்திலேயே நின்றுவிடாதீர்கள். முடிந்த கையோடு கலைத்துவிட்டு நிஜ ஆட்டத்துக்குப் போய்விட வேண்டும். ஏட்டில் சொன்னபடி கார்டை நகர்த்துவதுதான் ஆட்டம் என்ற எண்ணம் பதிந்துவிட்டால், முடிவெடுக்கிற பழக்கம் வருவது தாமதமாகும்.

ஆடத் தெரியாதவர்களுக்காக விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கலைத்து ஏழு கார்டு எடுக்கிறோம். அதில் பேசிக் போகிமான், அதாவது பரிணாமம் இல்லாமல் நேரடியாக வைக்கக்கூடியது, ஒன்றாவது இருக்க வேண்டும். அதை முன்னால் ஆக்டிவ் இடத்தில் கவிழ்த்து வைக்கிறோம், பின்னால் பெஞ்சில் ஐந்துவரை வைக்கலாம். பேசிக் எதுவும் வரவில்லை என்றால் கையைத் திறந்து காட்டிவிட்டு மறுபடி கலைத்து எடுக்க வேண்டும், எதிராளி அதற்காக ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் இருவரும் டெக்கின் மேலிருந்து ஆறு கார்டுகளைப் பார்க்காமல் எடுத்துப் பக்கத்தில் வைக்கிறோம். அவைதான் பிரைஸ் கார்டுகள். எதிராளியின் போகிமானை வீழ்த்தினால் நம் பிரைஸில் ஒன்றை எடுத்துக் கையில் சேர்த்துக்கொள்கிறோம். ஆறையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி. எதிராளிக்குக் களத்தில் போகிமானே இல்லாமல் போனாலும் வெற்றிதான், அவர் முறை தொடங்கும்போது எடுக்க டெக்கில் கார்டு இல்லாவிட்டாலும் வெற்றிதான்.

ஒரு முறையில் கையிலிருந்து ஒரே ஒரு எனர்ஜிதான் வைக்கலாம். ஐட்டம், சப்போர்ட்டர் என்று இரண்டு வகை உதவிக் கார்டுகள் உண்டு. ஐட்டம் கார்டுகளை எத்தனை வேண்டுமானாலும் ஆடலாம், சப்போர்ட்டர் ஒன்றுதான். தாக்கினால் முறை முடிந்தது. முதலில் ஆடுபவர் தன் முதல் முறையில் தாக்கக் கூடாது, சப்போர்ட்டரும் ஆடக் கூடாது. இவ்வளவு தெரிந்தால் ஆடத் தொடங்கிவிடலாம்.

இந்த 'ஒரு முறைக்கு ஒரு எனர்ஜி' என்ற சின்ன விதிதான் ஆட்டத்தின் முதுகெலும்பு. மூன்று எனர்ஜி கேட்கும் தாக்குதலுக்கு மூன்று முறை காத்திருக்க வேண்டும். அதற்குள் முன்னால் நிற்பது வீழ்ந்துவிட்டால் அதன் மேல் வைத்த எனர்ஜியும் கூடவே போய்விடும். ஆகவே முன்னால் நிற்பதற்கு வைப்பதா, பெஞ்சில் வளர்வதற்கு வைப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. பேட்டில் அகாடமி டெக்குகள் இந்தக் கேள்வியை நன்றாகவே கேட்க வைக்கின்றன. ஒரே முறையில் பத்துக் கார்டு ஆடி முடிக்கும் போட்டி டெக்குகளின் வேகம் இவற்றுக்கு இல்லை. புதியவருக்கு எதிராளி என்ன செய்கிறார் என்று கண்ணால் தொடர முடிகிறது, தன் முறை வரும்வரை யோசிக்கவும் நேரம் இருக்கிறது.

பிரைஸ் கணக்குக்கு வருகிறேன். இந்தப் பெட்டி கற்றுத்தருவதில் பெரியது இதுதான். சாதாரணப் போகிமான் வீழ்ந்தால் எதிராளிக்கு ஒரு பிரைஸ், இஎக்ஸ் வீழ்ந்தால் இரண்டு. இஎக்ஸுக்கு உயிர்ப்புள்ளி (கார்டின் வலது மேல் மூலை எண், அவ்வளவு அடி வாங்கினால் வீழ்ந்துவிடும்) அதிகம், அடியும் பலமானது, அதற்கான விலைதான் அந்த இரண்டு. புதிதாக ஆடுபவர்கள் இஎக்ஸை முன்னால் நிறுத்தி அடித்துக்கொண்டே இருப்பார்கள். அக்கா மகனும் அப்படித்தான் ஆடினான், பலமுறை ஜெயிக்கவும் செய்தான்.

ஒரு ஆட்டத்தில் அவனுக்கு இரண்டு பிரைஸ் மிச்சம், எனக்கும் இரண்டு மிச்சம். என் டார்க்ராய் முன்னால் நின்றது, இன்னொரு அடி தாங்காது. அவனுடைய பிக்காச்சு மேலும் முன்பே நான் அடித்த அடி நிறைய இருந்தது. என் பெஞ்சில் இருந்த ஒன்றுக்கு அந்த முறையின் எனர்ஜியை வைத்த பிறகும் இன்னும் ஒன்று குறைந்தது. நான் டார்க்ராயின் எனர்ஜியைக் கழித்துப் பின்வாங்கி, ஒன்றுக்கும் உதவாத சின்னப் போகிமான் ஒன்றை முன்னால் நிறுத்திவிட்டு முறையை முடித்தேன். "சித்தி, அதை ஏன் முன்னால வச்சீங்க? ஒரே அடியில போயிடும்" என்றான். போனது. அவன் ஒரு பிரைஸ் எடுத்தான், கடைசி ஒன்று மிச்சம். அதற்குள் எனக்கு ஒரு முறை கிடைத்தது. பெஞ்சில் இருந்ததை முன்னால் கொண்டுவந்து, குறைந்த எனர்ஜியை வைத்து, பிக்காச்சுவை வீழ்த்தி இரண்டையும் எடுத்தேன்.

அவன் பேசாமல் மேசையைப் பார்த்தான். பிறகு என் முறைக்கு முந்தைய நிலைக்குக் கார்டுகளைத் திரும்ப வைக்கச் சொன்னான், வைத்தேன். டார்க்ராய் முன்னாலேயே நின்றிருந்தால் அவனுக்கு இரண்டு பிரைஸ், ஆட்டம் முடிந்திருக்கும் என்று தானாகவே சொன்னான். அடுத்த ஆட்டத்தில் அதையே எனக்குச் செய்தான். ஒரு முறையை விலைகொடுத்து வாங்கலாம், அந்த விலையைக் கணக்குப் போட்டுச் சொல்லவும் முடியும் என்று ஒரு பிள்ளைக்குப் புரிகிற நேரம் அது. அதைச் சிக்கலில்லாமல் கண்முன் கொண்டுவருவதால்தான் இந்தப் பெட்டியை இவ்வளவு மெச்சுகிறேன்.

பிரைஸில் இன்னொரு அழகும் உண்டு. டெக்கில் ஒரே ஒரு பிரதி இருக்கும் கார்டு அந்த ஆறில் போய் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு பத்தில் ஒன்று. அறுபதில் ஆறு என்றால் அதுதானே. நல்ல ஆட்டக்காரர்கள் டெக்கில் தேடச் சொல்லும் ஏதாவது கார்டை முதன்முதலாக ஆடும்போது, தேட வேண்டியதை மட்டும் தேட மாட்டார்கள். முழு டெக்கையும் ஒரு ஓட்டம் ஓட்டி, எது இல்லை என்று பார்ப்பார்கள். கையிலும் இல்லை, களத்திலும் இல்லை, டெக்கிலும் இல்லை என்றால் பிரைஸில் இருக்கிறது. அப்புறம் அந்தக் கார்டை நம்பி எந்தத் திட்டமும் போட மாட்டார்கள். இந்தப் பழக்கத்தைப் பேட்டில் அகாடமி டெக்கை வைத்தே பழகலாம். டெக்கின் 60 கார்டுகள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தேடும்போதெல்லாம் சரிபாருங்கள். சில ஆட்டங்களுக்குப் பிறகு தாள் தேவைப்படாது.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை பலவீனம் என்ற விதி கைக்குச் சரியாக வராதது. எதிராளியின் பலவீன வகையால் தாக்கினால் அடி இரண்டு மடங்கு. கார்டின் கீழே இருக்கும் ×2 அதைத்தான் சொல்கிறது. பக்கத்திலேயே எதிர்ப்பு என்று ஒன்று சிலவற்றுக்கு இருக்கும், அது அடியில் 30 குறைக்கும். மின்சார வகைக்கு வழக்கமாகச் சண்டை வகை பலவீனம், நெருப்புக்கு நீர், இருள் வகைக்குப் புல். மூன்று டெக்கின் தலைவர்களும் மின்சாரம், நெருப்பு, இருள் என்பதால் ஒருவரை ஒருவர் பலவீனத்தில் அடித்துக்கொள்வதில்லை. எந்த டெக்கை எடுத்தாலும் சமமான ஆட்டம் வர வேண்டும் என்று செய்திருப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் வெளியே வேறு டெக்கோடு மோதும்போது இருமடங்கு அடி திடீரென்று வந்து விழும். சொல்லிக்கொடுப்பவர் தன்னிடம் உள்ள ஒரு நீர் டெக்கையோ சண்டை டெக்கையோ ஒரு தடவை எதிரே வைத்து ஆடிக் காட்டிவிடுவது நல்லது.

இரண்டாவது குறை, டெக் கட்டுவதைப் பற்றிப் பெட்டி எதுவும் சொல்லித்தருவதில்லை. எல்லாம் கட்டித் தந்துவிட்டார்கள். விதி என்னவோ எளிது: சரியாக 60 கார்டுகள், ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் அந்த வரம்பு இல்லை. ஆனால் எத்தனை பேசிக் வைப்பது என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வைத்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு முறை முதல் ஏழு கார்டில் பேசிக்கே வராது. பதினைந்து வைத்தால் அது எட்டில் ஒன்று போலக் குறையும், ஆனால் வேறு எதற்கோ இடம் போய்விடும். இந்த இழுபறியில்தான் டெக் கட்டும் ருசி இருக்கிறது. ஒரு பக்கக் குறிப்பாவது பெட்டியில் தந்திருக்கலாம்.

மூன்றாவது, கார்டுக்கு உறை இல்லை. அடிக்கடி கலைத்தால் ஓரங்கள் வெளுக்கும், வெளுத்த கார்டு பின்பக்கமிருந்தே அடையாளம் தெரியும். ஆடப் போகிற டெக்குக்கு உறை போட்டுவிடுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே நிற உறை வேண்டாம். அடி வில்லைகள் ஆரம்பத்துக்குப் போதும், பிறகு பகடைக்கு மாறிக்கொள்ளலாம். பலகை மட்டும் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லாதது. எது எங்கே என்று அச்சிட்டிருப்பதால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய் வந்தாலும் நிலைமை பார்த்ததும் புரிகிறது.

சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. போகிமான் கார்டுகள் முதன்முதலில் 1996இல் ஜப்பானில் வெளிவந்தன, ஆங்கிலத்தில் 1999இல். அந்த முதல் ஆங்கிலத் தொகுப்பில் 102 கார்டுகள். அதில் எல்லாரும் ஆசைப்படுவது சாரிஸார்ட். 120 உயிர்ப்புள்ளி, ஃபயர் ஸ்பின் என்ற 100 அடி. ஆனால் ஆட்டக்காரர்களின் கண்ணில் அது கனமான கார்டு. இரண்டு கட்டம் பரிணாமம் ஆக வேண்டும், நான்கு எனர்ஜி வேண்டும், ஒவ்வொரு முறை அடித்ததும் இரண்டு எனர்ஜியைத் தூக்கி எறிய வேண்டும். அதே தொகுப்பில் ஹிட்மான்சான் என்று ஒரு பேசிக் போகிமான் இருக்கிறது. 70 உயிர்ப்புள்ளி, ஒரே எனர்ஜியில் 20 அடி, பரிணாமம் எதுவும் வேண்டாம். பலமான பேசிக் போகிமான்களை வைத்து வேகமாக அடிக்கும், அந்தக் காலத்துப் போட்டி மேசைகளை ஆண்ட ஹேமேக்கர் டெக்கின் தூண்களில் ஒன்று அது. சாரிஸார்ட் நெருப்பை ஊத ஆயத்தமாகும் முன்பே ஹிட்மான்சான் சுறுசுறுப்பாக இரண்டு பிரைஸ் எடுத்திருக்கும். ஆல்பத்தில் சாரிஸார்டுக்கு முதல் பக்கம் தந்து ஹிட்மான்சானைக் கடைசியில் தள்ளியவர்கள், ஆடத் தெரிந்த பிறகு அந்தக் கார்டை எடுத்து மறுபடி பார்ப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

கைப்பேசியில் போகிமான் டிசிஜி பாக்கெட் ஆடிப் பழகியவர்களும் இப்போது நிறையப் பேர். 2024 அக்டோபரில் வந்தது அது. அங்கே டெக் 20 கார்டுதான், மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி, எனர்ஜி தானாக வரும். கார்டு மேசைக்கு வந்தால் அவர்களுக்குப் புதிதாக இருக்கப்போவது எனர்ஜிதான். அதுவும் டெக்குக்குள் கார்டாக இருக்கிறது, கைக்கு வராமல் போகலாம். அதற்கு மேல் பிரைஸும் உண்டு. ஆட்டமும் நீளம். ஆனால் பெஞ்ச், பின்வாங்கல், பரிணாமம் எல்லாம் பழகிய விஷயம் என்பதால் வழிகாட்டி ஏட்டை வேகமாகத் தாண்டிவிடலாம். அவர்களுக்கும் இந்தப் பெட்டியைத் தாராளமாகச் சொல்வேன்.

ஏற்கெனவே டெக் கட்டி ஆடுபவர் தனக்கென்று வாங்க வேண்டிய பொருள் இது இல்லை. மூன்று டெக்கையும் உடைத்துச் சேர்த்தாலும் போட்டிக்குப் போகிற டெக் வராது. ஆனால் அவர் வீட்டில் கார்டு பிடிக்கத் தெரியாத ஒருவர் இருந்தால் வாங்கி வைக்கட்டும். சமபலமுள்ள மூன்று டெக்குகள் வீட்டில் இருப்பது, தன்னுடைய போட்டி டெக்கை வைத்துப் புதியவரை நசுக்குவதைவிட நல்லது.

பெட்டியை முடித்தவர்கள் அடுத்து பூஸ்டர் பாக்கெட்டுகளுக்குத் தாவாமல் இருந்தால் நல்லது. பாக்கெட் பிரிக்கிற சந்தோஷம் தனி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆடுவதற்கு வேண்டிய நான்கு பிரதி அப்படி வந்து சேராது. லீக் பேட்டில் டெக் என்று வருகிறதே, அது சரியான அடுத்த படி. அதில் போட்டியில் புழங்குகிற கார்டுகளே 60 கார்டு டெக்காகக் கட்டி வருகின்றன. அதை ஆடிப் பார்த்து, எது கைக்கு வரவே மாட்டேன் என்கிறது, எது வந்தாலும் உதவவில்லை என்று குறித்துவைத்து, அந்த இடத்துக்கு வேண்டிய கார்டை மட்டும் தனியாக வாங்கிச் சேருங்கள். கார்டின் கீழ் மூலையில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். போட்டிகளில் எந்த எழுத்துள்ள கார்டுகளுக்கு இப்போது அனுமதி என்று பார்த்துவிட்டு வாங்குவது முக்கியம், பழைய எழுத்துகள் அவ்வப்போது விலக்கப்படுகின்றன. அக்கா மகன் இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறான். டார்க்ராய் டெக்கில் எதை எடுத்துவிட்டு எதை வைக்கலாம் என்று தாளில் எழுதிக்கொண்டு வருகிறான், நான் ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று கேட்கிறேன்.